குருதி எடுக்கக் கற்பவர்க்குத் தகுதி யாது?



சேலம், நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு ஆகிய ஊர்களில் எந்த ஆஸ்பத்திரித் தெருவிலும் விடியற்காலையில் ஒரு காட்சியைக் காணலாம். வெறும் வயிற்றோடு வந்த மக்கள் பரிசோதனைக் கூடத்தின் பெஞ்சுகளில் வரிசையாக அமர்ந்திருப்பர். சர்க்கரை நோயாளி, கருவுற்ற பெண், காய்ச்சலில் துவண்ட குழந்தை, லாரி ஓட்டுநர், தறிக்காரர் என எல்லோரும் அவ்வரிசையில் உண்டு. உள்ளே ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ ஒவ்வொருவர் கையிலும் இரப்பர்ப் பட்டையை இறுக்கி, முழங்கை மடிப்பை விரலால் தடவிப் பார்த்து, ஊசியைச் செலுத்திக் குருதியைக் குழாயில் சேர்ப்பார். மருத்துவர் பிற்பாடு சொல்லும் முடிவு அந்தக் குழாயை நம்பியே நிற்கிறது. குழாயின் மேல் பெயர் மாறி ஒட்டப்படுமாயின், ஒருவர் நோய்க்கு மற்றொருவர் மருந்துண்ண நேரும்.

இந்தத் தொழிலை மேல்நாட்டார் ஃபிளிபாடமி என்பர். கிரேக்க மொழியில் சிரையை வெட்டுதல் என்பது அச்சொல்லின் பொருள். நம் மக்கள் பேச்சில் அது நரம்பு. நூல் வழக்கில் சிரை. இத்தொழிலைக் கற்க விரும்புவோர் இரண்டு கேள்விகளைக் கேட்கின்றனர். என்ன படித்திருக்க வேண்டும் என்பது ஒன்று. உடம்பு எப்படி இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு விடை எளிது. இரண்டாவது கேள்விக்குப் பின்னே ஒரு நெடிய வரலாறு இருக்கிறது. உடல்நல விதி என்பது ஒரு காலத்தில் ஆளை வாயிலிலேயே திருப்பி அனுப்பப் பயன்பட்டது. உள்ளே வந்தவரையும், அவரிடம் கை நீட்டுபவரையும் காப்பதற்கென்று அது மாறிய கதையைத்தான் இன்று சொல்ல எண்ணுகிறேன்.

சேர்க்கை விதிகளுள் மிகப் பழமையான ஒன்று சுசுருத சங்கிதையில் இருக்கிறது. மருத்துவம் கற்க வரும் சீடன் எப்படி இருக்க வேண்டும் என அந்நூல் விரிவாகப் பேசுகிறது. நல்லொழுக்கம், நினைவாற்றல், துணிவு ஆகியவற்றைக் கேட்பதோடு, நாவும் உதடும் மெல்லியனவாகவும், மூக்கும் கண்ணும் நேர்த்தியாகவும் இருக்க வேண்டும் என்கிறது. குலமும் கேட்கிறது. மெல்லிய உதட்டுக்கும் சிரை பிளக்கும் திறமைக்கும் என்ன உறவு என்று நாம் கேட்கலாம். அக்காலத்தார் கேட்டதாகத் தெரியவில்லை. ஆனால் அதே நூல் பயிற்சி முறையைப் பற்றிச் சொல்லுமிடத்தில் வியப்பூட்டும் அறிவு விளங்குகிறது. சிரையில் துளையிடக் கற்பவன் முதலில் இறந்த விலங்கின் சிரைகளிலும் ஆம்பல், தாமரை போன்றவற்றின் தண்டிலும் பழக வேண்டும் என்கிறது. இன்று பயிற்சிக் கூடங்களில் இரப்பரால் செய்த கையொன்றை மேசைமேல் வைத்து, அதனுள் சிவப்பு நீர் ஓடவிட்டு மாணவரைக் குத்தச் சொல்கிறோம். தாமரைத் தண்டுக்கும் இரப்பர்க் கைக்கும் நோக்கம் ஒன்றே. கற்பிக்கும் முறையில் முன்னோர் நமக்கு நெருங்கியவர்கள். சேர்க்கும் முறையில் நெடுந்தொலைவில் இருந்தார்கள்.

நூல் வகுத்தது ஒருபுறம் இருக்க, ஊரில் நடந்தது வேறு. நம் சிற்றூர்களில் கட்டியை அறுத்தவரும், அட்டை விட்டுக் கெட்ட இரத்தத்தைப் போக்கியவரும் நாவிதரே. அவர் வீட்டுப் பெண்ணே மருத்துவச்சி. மருத்துவர் என்ற பெயரே அக்குலத்தாருக்கு வழங்கிற்று. மக்களுக்கு அவர் கை வேண்டியிருந்தது. கைக்கு உடையவரைத் திண்ணைக்கு மேல் ஏற்றத்தான் மனம் வரவில்லை. இஃது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கம் அன்று. இங்கிலாந்திலும் முடி திருத்துவோரும் அறுவை செய்வோரும் 1540-ஆம் ஆண்டு முதல் 1745-ஆம் ஆண்டு வரை ஒரே சங்கத்தில் இருந்தனர். குருதி எடுப்பது கீழான கைத்தொழில், ஏட்டைப் புரட்டுவதே உயர்ந்த மருத்துவம் என்னும் எண்ணம் இரு நாடுகளிலும் நெடுநாள் வேரூன்றி இருந்தது.

நவீன மருத்துவக் கல்வி நம் மாகாணத்திற்கு வந்தது 1835-ஆம் ஆண்டில். அவ்வாண்டு சென்னைப் பொது மருத்துவமனையோடு இணைந்து ஒரு மருத்துவப் பள்ளி தோன்றிற்று. 1850-ஆம் ஆண்டில் அது சென்னை மருத்துவக் கல்லூரி ஆயிற்று. அங்கே முதல் நாற்பது ஆண்டுகள் பெண்களுக்கு இடமில்லை. 1875-ஆம் ஆண்டில் மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலப் பெண்மணியும் வேறு மூன்று பெண்களும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். சென்னையில் வழக்கறிஞராக இருந்தவரின் மனைவி அவர். பேறுகாலத்தில் ஆண் மருத்துவரை அண்டவிடாத குடும்பங்களில் பெண்கள் துணையின்றி இறப்பதைக் கண்டே அவர் மருத்துவம் கற்க முன்வந்தார். உலகில் பல பெரிய நகரங்களின் மருத்துவக் கல்லூரிகள் பெண்களுக்குக் கதவை அடைத்திருந்த நாளில் சென்னை கதவைத் திறந்தது என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி.

கதவு திறந்த பின்னும் ஒரு தடை எஞ்சி நின்றது. அதுதான் உடம்பு. இவ்விடத்தில் நீங்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு பெயர் கிருபாபாய். இவர் 1862-ஆம் ஆண்டில் பம்பாய் மாகாணத்து அகமதுநகரில் கிறித்தவக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். இளமையிலேயே கூரிய அறிவு படைத்தவர். இங்கிலாந்து சென்று மருத்துவம் கற்பதற்கு உதவித்தொகையும் இவருக்குக் கிடைத்தது. ஆயினும் உடல் நலிவைக் காரணம் காட்டி இவரை அனுப்ப இசையவில்லை. மனம் தளராமல் 1878-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். முதலாண்டில் சிறப்பாகத் தேறினார். ஆனால் அந்த உழைப்பை உடம்பு தாங்கவில்லை. படிப்பு அவ்வளவில் நின்றது. பிற்காலத்தில் கிருபாபாய் சத்தியநாதன் என்ற பெயரில் ‘சகுணா’ என்னும் ஆங்கிலப் புதினத்தை எழுதி, இந்தியப் பெண்களுள் ஆங்கிலத்தில் நாவல் எழுதிய முன்னோடிகளுள் ஒருவரானார். 1894-ஆம் ஆண்டில், முப்பத்திரண்டு வயதில் மறைந்தார். வங்காளத்திலிருந்து 1882-ஆம் ஆண்டில் உதவித்தொகை பெற்றுச் சென்னைக்கு வந்த அபலா தாஸ் கதையும் இத்தகையதே. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பெண்களுக்கு இடமில்லாமையால் அவர் இங்கே வந்தார். உடல்நலக் குறைவால் படிப்பை முடியாமலே திரும்பினார். விஞ்ஞானி ஜகதீச சந்திர போசின் துணைவியாகவும், பெண்கல்விக்கு உழைத்தவராகவும் அவரை நாடு அறியும்.

இவ்விருவரும் திறமையில் குறைந்தவர்கள் அல்லர். அந்நாளின் உடல்நல விதிக்கு இரண்டே சொற்கள் தெரியும்: தகுதி, தகுதியின்மை. நலிந்த உடம்போடு வரும் மாணவியை எப்படிப் படிக்க வைப்பது என்ற மூன்றாவது கேள்வி அந்த விதியின் ஏட்டில் இல்லை. பிறகு புதுக்கோட்டை முத்துலட்சுமி ரெட்டி 1907-ஆம் ஆண்டில் அதே கல்லூரியில் சேர்ந்து 1912-ஆம் ஆண்டில் பட்டம் பெற்று வெளிவந்த வரலாற்றை உங்கள் பாடநூல்களே கூறும். ஆதலின் அதை இங்கே விரிக்கவில்லை.

இதுவரை சொன்ன விதிகளெல்லாம் கற்பவரின் குலம், பால், உடல் வலிமை ஆகியவற்றைப் பார்த்தன. குருதியைப் பார்க்கவில்லை. ஏனெனில் குருதியில் என்ன இருக்கிறது என்பதே நெடுநாள் தெரியாது. அது உடலெங்கும் சுற்றி வருவதை வில்லியம் ஹார்வி 1628-ஆம் ஆண்டில் விளக்கினார். எல்லார் குருதியும் ஒன்றன்று, அதில் வகைகள் உண்டு என்பதை வியன்னா நகரத்துக் கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901-ஆம் ஆண்டில் வெளியிட்டார். குருதியில் மலேரியாக் கிருமி இருப்பதும், அதைக் கொசு சுமப்பதும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தெளிவாயின. 1953-ஆம் ஆண்டில் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியபின் வீடு வீடாக இரத்தம் எடுக்கும் வழக்கம் நம் சிற்றூர்களுக்கும் வந்தது. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊருக்கு வந்த மலேரியா ஊழியரை இன்றும் நினைவில் காண்கிறேன். காய்ச்சல் கண்டவரின் விரல் நுனியில் குத்தி, ஒரு துளியைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்து, வந்து போன தேதியைச் சுவரில் எழுதிவிட்டு, ஊசியைப் பஞ்சால் துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார். கையுறை என்ற ஒன்றை அவர் கையில் கண்டதில்லை. ஊராரும் வேண்டுமென்று கேட்டதில்லை.

அந்தக் கவலையின்மைக்கு முடிவு கட்டியவை இரண்டு நோய்கள். முதலாவது ஹெபடைடிஸ் பி என்னும் கல்லீரல் அழற்சி. காமாலை பல வகைப்படும். தண்ணீரால் வருவது ஒரு வகை. குருதியால் வருவது இந்த வகை. இதன் அடையாளத்தை அமெரிக்க அறிஞர் பாரூக் புளும்பெர்க் 1960-களில் கண்டறிந்து, 1976-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். 1980-களின் தொடக்கத்தில் தடுப்பூசியும் வந்தது. நம் பக்கத்தில் காமாலை என்றால் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுப்பது வழக்கம் அன்றோ? அந்தக் கீழாநெல்லியை ஆராய்ந்து சென்னைப் பல்கலைக்கழகத்து அறிஞர் எஸ். பி. தியாகராஜன் குழுவினர் 1988-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில் புளும்பெர்க்கும் பங்கு கொண்டிருந்தார். பிற நாட்டு ஆய்வுகளில் அதே பயன் கிட்டவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது நோய் எய்ட்ஸ். இந்தியாவில் அது முதன்முதலாகக் கண்டறியப்பட்ட கதை, குருதி எடுக்கும் கையின் கதையே ஆகும்.

1980-களின் நடுவில் எய்ட்ஸ் என்பது அயல்நாட்டு நோய் என்றே நம் நாட்டில் எண்ணப்பட்டு வந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த சுனிதி சாலமன், தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் அந்நோயைத் தேடிப் பார்க்குமாறு கூறினார். பட்டமேற்படிப்பின் ஆய்வுக்கான பொருள் அது. நிர்மலா தயங்கினார், பிறகு இசைந்தார். யாரிடம் தேடுவது என்பதே பெரும் சிக்கல். மருத்துவமனைக்கு வந்த பாலியல் தொழிலாளர் சிலர் வழியாகப் பிறரை அறிந்து, அவர்கள் அடைக்கப்பட்டிருந்த காப்பகத்திற்குச் சென்று, ஒவ்வொருவரிடமிருந்தும் குருதி எடுத்தார். கையுறை இல்லை, வேறு பாதுகாப்புக் கருவியும் இல்லை. தெளிநீரைப் பிரித்தெடுத்துத் தம் வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்துக் காத்தார். சோதிக்கும் வசதி சென்னையில் அப்போது இல்லை. ஆகவே 1986-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பனிக்கட்டிப் பெட்டியில் குழாய்களை அடுக்கி, கணவரோடு இரவு இரயில் ஏறிக் காட்பாடியில் இறங்கி, வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார். அங்கே ஆறு மாதிரிகள் நிறம் மாறி நோயைக் காட்டின. இந்தியாவில் எய்ட்ஸ் கிருமி இருக்கிறது என்னும் செய்தி அவ்வாறு வெளிப்பட்டது.

இந்நிகழ்ச்சியை நான் மாணவர்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் இரண்டு செய்திகளைச் சேர்த்தே சொல்வேன். தம் உயிருக்கு நேரக்கூடிய தீங்கைப் பொருட்படுத்தாமல் உழைத்த அம்மாணவியின் துணிவு போற்றத்தக்கது. ஆனால் ஒரு மாணவி வெறுங்கையோடு அவ்வேலையைச் செய்ய நேர்ந்தது போற்றத்தக்கது அன்று. அது அக்காலத்தின் வறுமை. மற்றொன்று, எந்த நோயைத் தேடி இரத்தம் எடுக்கப்படுகிறது என்பது அப்பெண்களுக்குத் தெரியாது. பால்வினை நோய்களுக்கான சோதனை என்றே எண்ணினர். கை நீட்டுபவரின் ஒப்புதல், கை நீட்டுபவரின் மறைபொருள் ஆகிய இரண்டும் அப்போது விதியாகவில்லை.

அவை விதியாக வேண்டிய தேவையை நம் நாமக்கல் சமவெளியைவிட நன்குணர்ந்த இடம் தமிழகத்தில் அரிது. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் லாரித் தொழில் எவ்வளவு பெரிது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகள் ஒருபுறம்; அவற்றை ஓட்டிக்கொண்டு வடநாடெங்கும் வாரக்கணக்கில் அலைந்து திரும்பும் ஓட்டுநரும் கிளீனரும் மறுபுறம். 1990-களில் எய்ட்ஸ் பரவியபோது அதன் அடி இந்தக் குடும்பங்களின் மேல் விழுந்தது. 1997-ஆம் ஆண்டில் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல், எச்.ஐ.வி. மிகுந்து காணப்பட்ட மாவட்டங்களுள் ஒன்றாக நாடு முழுதும் பேசப்பட்டது. அக்காலத்தில் ஒருவன் இரத்தம் கொடுக்கப் போனான் என்று ஊரில் தெரிந்தாலே போதும். முடிவு வருமுன்பே அவன் வீட்டில் தண்ணீர் குடிப்பாரில்லை. பக்கத்து ஊரில் சோதித்தால் தெரிந்துவிடும் என்று அஞ்சி, பேருந்தேறி வேற்றூருக்குப் போய்ச் சோதித்துக்கொண்டவர் உண்டு. பிறகு அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் என்ற பெயரில் அறைகள் திறக்கப்பட்டன. முதலில் ஆற்றுப்படுத்துநர் பேசுவார், ஒப்புதல் பெறுவார், அதன் பின்னரே இரத்தம் எடுக்கப்படும். அந்த அறையில் ஊசி பிடித்தவருக்குக் கைத்திறமை இருந்தால் மட்டும் போதாது. வாய் மூடியிருக்கவும் வேண்டும்.

பல ஆண்டுப் போராட்டத்தின் பின் 2017-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டத்தை இயற்றிற்று. 2018-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. நம் பொருளுக்கு வேண்டிய மூன்று செய்திகள் அதில் உள்ளன. ஒப்புதல் இன்றி எச்.ஐ.வி. சோதனை செய்யலாகாது. வேலையில் சேரவோ கல்வி நிலையத்தில் சேரவோ அச்சோதனையை முன்நிபந்தனையாகக் கேட்கலாகாது. மருத்துவப் பணி நடக்கும் நிறுவனம் தன் பணியாளருக்குப் பாதுகாப்புக் கருவிகளையும், ஊசி குத்திவிட்டால் வேண்டிய தடுப்பு மருந்தையும் தர வேண்டும். கூர்ந்து நோக்குங்கள். கிருபாபாய் நாளில் உடல்நல விதி மாணவியைப் பார்த்து நீ தகுதியா என்று கேட்டது. இச்சட்டம் நிறுவனத்தைப் பார்த்து, நீ இவரைக் காக்கத் தகுதியா என்று கேட்கிறது.

இனி, இன்று சேர விரும்புவோர் செய்தி. தமிழ்நாட்டில் குருதி எடுத்தல் பெரும்பாலும் மருத்துவ ஆய்வக நுட்பப் படிப்பின் ஓர் உறுப்பாகவே கற்பிக்கப்படுகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பாடங்களைப் படித்துத் தேறியிருப்பது அதற்குப் பொதுவான வாயில். சேலத்தில் 1986-ஆம் ஆண்டு முதல் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாமக்கல்லில் 2022-ஆம் ஆண்டு சனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. இத்தகைய துணைத் தொழில்களுக்கெல்லாம் ஒரே ஒழுங்கு வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டில் தேசிய அளவில் ஒரு சட்டமும் இயற்றப்பட்டுள்ளது. அமெரிக்காவில் இது தனித் தொழில். ஆயினும் அங்கும் நான்கு மாநிலங்களே உரிமம் கேட்கின்றன. அவற்றுள் கலிபோர்னியா, 50 முறை சிரையிலும் 10 முறை விரல் நுனியிலும் வெற்றியாகக் குருதி எடுத்துக் காட்டிய பின்னரே சான்றளிக்கிறது. அங்குள்ள கல்லூரிகள் சேர்க்கைக்கு முன் ஒரு நீண்ட உடல்நலப் பட்டியலையும் நீட்டுகின்றன: ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, தட்டம்மை, ருபெல்லா, சின்னம்மை ஆகியவற்றிற்கு எதிர்ப்பாற்றல், இசிவு நோய்த் தடுப்பூசி, காசநோய்ச் சோதனை என்று அது வளரும்.

பட்டியலைக் கண்டு மருளாதீர்கள். ஒவ்வொன்றும் யாரைக் காக்கிறது என்று பாருங்கள். ருபெல்லாவும் சின்னம்மையும் உங்களைவிட, உங்கள் முன் கை நீட்டி அமரும் கருவுற்ற பெண்ணின் பொருட்டே கேட்கப்படுகின்றன. காசநோய்ச் சோதனை இருவருக்கும் பொது. நம் நாட்டில் வளர்ந்தோரிற் பெரும்பாலோர்க்குத் தோலில் செய்யும் காசச் சோதனை எப்படியும் தடிப்பைக் காட்டக்கூடும். ஆதலின் மார்பு எக்ஸ்ரே எடுத்துத்தான் தெளிய வேண்டும். தோல் தடித்ததைக் கண்டதும் நோய் என்று அழ வேண்டாம்.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி உங்கள் பொருட்டு. தடுப்பூசி போடாத ஒருவர்க்கு, நோயாளியின் குருதி தோய்ந்த ஊசி குத்திவிட்டால் நோய் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 6 முதல் 30 வரை. எச்.ஐ.வி.யில் அவ்வாய்ப்பு ஆயிரத்துக்கு 3 அளவே. எய்ட்ஸுக்கு அஞ்சி நடுங்கும் மாணவர் காமாலை ஊசியை அலட்சியம் செய்வதைக் காண்கையில், அச்சத்தை எங்கே வைப்பது என்பதையும் பள்ளியில் கற்பிக்க வேண்டும் போலும் என்று எனக்குத் தோன்றும். நாடு முழுதும் குழந்தைகளுக்கான திட்டத்தில் இவ்வூசி சேர்ந்தது 2011-ஆம் ஆண்டில்தான். ஆகவே இன்று கல்லூரி வாயிலில் நிற்போர் பலர் குழந்தைப் பருவத்தில் இதைப் பெறாமல் இருந்திருக்கலாம். மூன்று ஊசிகள் போட வேண்டும். முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவது. ஆறாம் மாதத்தில் மூன்றாவது. போட்டால் மட்டும் போதாது, பலித்ததா என்றும் பார்க்க வேண்டும். நாமக்கல் கோழிப் பண்ணைக்காரர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட்டபின் கோழியின் இறக்கைச் சிரையில் சிறிது குருதி எடுத்து, எதிர்ப்பாற்றல் ஏறியிருக்கிறதா என்று சோதிப்பது அவர்கள் அன்றாட வழக்கம். கோழிக்குச் செய்வதை மாணவர்க்கும் செய்க என்பதே இவ்விதியின் சாரம்.

சோதித்ததில், தமக்கு முன்பே அந்நோய்த் தொற்று இருக்கிறது என்று ஒரு மாணவர்க்குத் தெரியவந்தால்? இந்தக் கேள்வியைக் கேட்கவே பலர் அஞ்சுவர். பழைய விதி அவரை வீட்டுக்கு அனுப்பியிருக்கும். 2012-ஆம் ஆண்டில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் இதற்குத் தெளிவான விடை தந்தது. அத்தொற்று இருப்பது ஒன்றே மருத்துவமோ அதன் துணைத் தொழில்களோ கற்பதற்குத் தடையாகாது என்பது அவ்விடை. அவர் மருத்துவக் கண்காணிப்பில் இருக்க வேண்டும், விதிமுறைப்படி வேலை செய்ய வேண்டும், அவ்வளவே. இதை அறியாமல் கனவைக் கைவிட்டு வேறு வேலைக்குப் போகும் பிள்ளை நம் ஊரில் ஒருவர் இருந்தாலும் அது வீண் இழப்பு.

விண்ணப்பத்தை நீட்டி என்னிடம் ஐயம் கேட்ட பிள்ளைகள் வேறு சிலவற்றையும் கேட்டதுண்டு. இரத்தத்தைக் கண்டால் மயக்கம் வருகிறதே என்பர். பலர்க்குப் பழகப் பழக அது நீங்கும். தலை சுற்றும்போது கால் தசைகளை இறுக்கிப் பிடித்தால் குருதியழுத்தம் தாழாமல் நிற்கும். நிறக்குருடு உள்ளவர் சேரலாமா என்பர். குழாய்களின் மூடிகள் நிறத்தால் வேறுபடும். அணுக்களை எண்ண ஊதா, சர்க்கரைக்குச் சாம்பல், உறையும் தன்மையைப் பார்க்க இளநீலம். எனவே நிறம் பிரித்தறிவதில் குறையுள்ளவர் அதை மறைக்காமல் முன்கூட்டியே சொல்லி, மூடியை நம்பாமல் எழுத்தைப் படித்து வேலை செய்யப் பழக வேண்டும்.

நிறுவனம் உங்களிடம் சான்று கேட்பது போல நீங்களும் நிறுவனத்திடம் கேட்க உரிமை உண்டு. 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி, அக்கழிவுகளைக் கையாளும் பணியாளர்க்கு ஹெபடைடிஸ் பி, இசிவு நோய் ஆகியவற்றிற்குத் தடுப்பூசி போடுவது மருத்துவ நிலையத்தின் கடமை. பணியில் சேரும்போதும், பின் ஆண்டுக்கு ஒருமுறையேனும் உடல்நலச் சோதனை செய்வதும் அதன் கடமையே. ஊசிகளைப் போடத் துளைபடாத வெள்ளைப் பெட்டி இருக்க வேண்டும். பயிற்சிக் கூடத்தைப் பார்க்கப் போகும் நாளில் அப்பெட்டி எங்கே என்று கேளுங்கள். ஊசி குத்திவிட்டால் யாரிடம் சொல்வது, மருந்து எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். எச்.ஐ.வி.க்கான தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்திற்குள் தொடங்குவது சிறப்பு. 72 மணி நேரம் கடந்தால் பயனில்லை. தொடங்கினால் 28 நாள் உண்ண வேண்டும். குத்திய இடத்தைப் பிதுக்காமல் சோப்பிட்டு ஓடும் நீரில் கழுவி, அப்போதே பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். திட்டு விழும் என்று அஞ்சி மறைக்கும் மாணவர்க்கே தீங்கு மிகுதி.

ஒரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு மார்ச்சில் முடிகிறது. அம்மாதமே முதல் ஊசியைப் போட்டுக்கொண்டால் இரண்டாவது ஊசி ஏப்ரலில் வரும். மூன்றாவது செப்டம்பரில் முடியும். எதிர்ப்பாற்றல் சோதனை அக்டோபரிலோ நவம்பரிலோ. இரப்பர்க் கையை விட்டு முதல் நோயாளியின் கையைப் பிடிக்கும் நாளும் ஏறக்குறைய அப்போதுதான் வரும்.